பகல் பொழுதுக்கு யார் துணை? ஆண்டாப் ஹில் எழுப்பும் கேள்வி

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: மூத்த குடிமக்களுக்கான "பல்சேவைப் பகல் பராமரிப்பு மையம்" என்ற சொற்றொடர் 2019 டிசம்பர் 11-ஆம் தேதி மக்களவையில் தாக்கலான ஒரு மசோதாவில் இடம்பெற்றது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டத்தைத் திருத்துவதற்கான மசோதா அது. அதே மாதத்தில் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. 2021 ஜனவரியில் நிலைக்குழு தன் அறிக்கையை அளித்தது. அதன்பின் மசோதா விவாதத்துக்கு வரவே இல்லை. 2024 ஜூனில் 17-ஆவது மக்களவை கலைக்கப்பட்டபோது மசோதாவும் காலாவதியானது.

அவையின் கணக்கில் இது காலாவதியான பல மசோதாக்களுள் ஒன்று. ஆனால் மும்பையின் ஆண்டாப் ஹில் போன்ற ஒரு பகுதியில் நின்று பார்த்தால், காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை வீட்டில் தனித்திருக்கும் முதியவரை யார் கவனிப்பது என்ற கேள்விக்குச் சட்டத்தின் வழியே கிடைக்கவிருந்த ஒரே பதில் அதுதான் என்பது புரியும்.

ஒரே பகுதி, இரு வகை முதுமை

மாட்டுங்காவுக்கும் வடாலாவுக்கும் சயான் கோலிவாடாவுக்கும் இடையே அமைந்துள்ளது ஆண்டாப் ஹில். மாநகராட்சியின் எஃப் வடக்கு வட்டத்தில் வருகிறது. மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு பல செக்டர்களாகப் பரந்து கிடக்கிறது. அதைச் சுற்றிலும் குடிசைப் பகுதிகளும், குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் எழுந்த அடுக்குமாடிகளும், அண்மைக் காலத்தின் உயர்ந்த தனியார் கட்டடங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய மூன்று தமிழர் பகுதிகளுக்கும் இது அருகில் உள்ளது. சயான் கோலிவாடா சட்டப்பேரவைத் தொகுதியில் கேப்டன் இரா. தமிழ்ச்செல்வன் 2014 முதல் தொடர்ந்து மூன்று முறை வென்றிருப்பது, இப்பகுதியில் தமிழரின் இருப்பைச் சொல்லும் அரசியல் சான்று.

இங்கே முதுமை இரு வகையாக உள்ளது. மத்திய அரசுக் குடியிருப்பில் வீடு, பணியில் இருப்பவருக்கு உரியது. ஓய்வு பெற்றால் குறித்த காலத்துக்குள் காலி செய்துவிட வேண்டும். ஆகவே அக்குடியிருப்பில் காணப்படும் முதியவர்களில் பெரும்பாலோர் ஊழியரின் தாய் அல்லது தந்தை. ஊரில் துணைவரை இழந்தபின் மகனோடோ மகளோடோ வந்து சேர்ந்தவர்கள். வருமான வரி, சுங்கம் போன்ற துறைகளின் அலுவலகங்கள் தென் மும்பையில் உள்ளன. கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், காலை ரயிலைப் பிடிக்கப் புறப்பட்டால் திரும்புவதற்குள் இருட்டிவிடும். இடைப்பட்ட நேரத்தில் அந்தத் தாய்க்கோ தந்தைக்கோ துணையாக இருப்பவை தொலைக்காட்சிப் பெட்டியும், வெளியே தாழிட்ட கதவும்தான்.

இரண்டாம் வகையினர் இந்த நகரத்திலேயே உழைத்து மூப்படைந்தவர்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் கட்டட வேலைக்கும் இட்லி வியாபாரத்துக்கும் வந்த தலைமுறை. அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. மறுவாழ்வுத் திட்ட வீட்டின் அளவு முன்பு 225 சதுர அடி, பிறகு 269 ஆனது, இப்போது 300. அந்த ஒரே அறையில் மூன்று தலைமுறை வாழ்கிறது. குடிசையில் இருந்தவரை வாசலில் அமர்ந்து தெருவோடு பேசிக்கொண்டிருந்த கிழவி, ஏழாவது மாடிக்குக் குடிபெயர்ந்தபின் மின்தூக்கி பழுதானால் கீழே இறங்க வழியின்றி அடைபட்டுப் போகிறாள்.

முதல் வகையினரிடம் பணம் ஓரளவு உண்டு, ஆள் இல்லை. இரண்டாம் வகையில் ஆள் உண்டு, ஆனால் அந்த ஆள் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். இருவருக்கும் வேண்டியது ஒன்றே. நடந்து செல்லும் தொலைவில், பகல் முழுவதும் முதியவரை நம்பி விட்டுச் செல்ல ஓர் இடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மீரா குமார் சமூக நீதித் துறை அமைச்சராக இருந்தபோது 2007-ல் நிறைவேறிய மூலச் சட்டம் இரண்டு நிலைகளை மட்டுமே கருத்தில் கொண்டது. ஒன்று, பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடுவது. அதற்குத் தீர்வாகத் தீர்ப்பாயம், மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம், கைவிட்டவருக்கு மூன்று மாதம் வரை சிறை. மற்றொன்று, ஆதரவற்ற முதியோர். அவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கக்கூடிய முதியோர் இல்லம் அமைக்கலாம் என்கிறது 19-ஆவது பிரிவு. 20-ஆவது பிரிவு அரசு மருத்துவமனைகளில் படுக்கை, தனி வரிசை பற்றிப் பேசுகிறது.

கைவிடாத பிள்ளைகள், ஆதரவற்றவர் அல்லாத முதியோர் என்ற பெரும்பான்மைக் குடும்பங்களைப் பற்றிச் சட்டம் மௌனம் சாதிக்கிறது. பெற்றோரைத் தன்னோடு வைத்துக் காப்பாற்றும் மகனுக்கும் மருமகளுக்கும் அரசு என்ன துணை செய்யும் என்ற கேள்வி அதில் எழவே இல்லை. 2017-ல் அசாம் மாநிலம் ஒரு படி மேலே சென்று, பெற்றோரைப் புறக்கணிக்கும் அரசு ஊழியரின் ஊதியத்தைப் பிடித்தம் செய்யச் சட்டம் இயற்றியது. தண்டிப்பதற்கு வழி கண்டவர்கள், தாங்குவதற்கு வழி காணவில்லை.

2019 திருத்த மசோதா இந்தக் குறையை ஓரளவு உணர்ந்திருந்தது. மருமகன், மருமகள் ஆகியோரையும் "பிள்ளைகள்" என்ற வரையறைக்குள் கொண்டுவந்ததும், 10 ஆயிரம் ரூபாய் உச்ச வரம்பை நீக்கியதுமே அப்போது அதிகம் பேசப்பட்டன. முதியோர் இல்லங்களோடு, பகல் பராமரிப்பு மையங்களையும் வீட்டுக்கு வந்து பராமரிக்கும் நிறுவனங்களையும் பதிவு செய்து, அவற்றுக்குக் குறைந்தபட்சத் தர அளவுகளை வகுக்க வேண்டும் என்ற ஏற்பாடு கவனம் பெறவில்லை. மருமகளுக்குக் கடமையை ஏற்றிய பகுதி விவாதமானது. அவளது சுமையை இறக்கக்கூடிய பகுதி பேசப்படாமலே போயிற்று.

திட்டத்தில் இருந்தது, பின்னுக்குப் போனது

சட்டத்தில் இல்லாவிட்டாலும் நிதியுதவித் திட்டத்தில் பகல் மையங்களுக்கு இடம் இருந்தது. 1992-ல் தொடங்கிய முதியோருக்கான ஒருங்கிணைந்த திட்டம், தன்னார்வ நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களுக்கும் பகல் மையங்களுக்கும் உதவியது. 2008 ஏப்ரலில் விதிமுறைகள் திருத்தப்பட்டபோது, அல்சைமர் மற்றும் மறதி நோயாளிகளுக்கான பகல் மையங்களும், குடும்பத்தினர் சில நாள் இளைப்பாற உதவும் தற்காலிகப் பராமரிப்பு இல்லங்களும் சேர்க்கப்பட்டன.

2021 முதல் இத்திட்டம் "அடல் வயோ அப்யுதய் யோஜனா" என்ற பெரிய குடையின் கீழ் வந்துள்ளது. நாடாளுமன்றக் கேள்விகளுக்கு அரசு அளிக்கும் பதில்களில் முன்வரிசையில் நிற்பவை முதியோர் இல்லங்கள், தொடர் பராமரிப்பு இல்லங்கள், நடமாடும் மருத்துவ வாகனங்கள், இயன்முறை மருத்துவ நிலையங்கள் ஆகியவையே. ஆதரவற்றோருக்கு உறைவிடம் தருவது அரசின் கடமை என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால் வீட்டோடு வாழும் முதியவருக்கும் குடும்பத்துக்கும் இத்திட்டத்தில் கிடைப்பது சொற்பமே.

2024 அக்டோபரில், 70 வயதைக் கடந்த அனைவருக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு விரிவுபடுத்தப்பட்டது. வரவேற்க வேண்டிய நடவடிக்கை. எனினும் அது மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோருக்கானது. இடுப்பு எலும்பு முறிந்தபின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும். தனியே இருந்து வழுக்கி விழாமல் காக்க எவரும் பணம் தருவதில்லை.

அரசு ஊழியருக்கே இந்த நிலை

மத்திய அரசின் சொந்த ஊழியர்கள் நிறைந்த ஆண்டாப் ஹில்லுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு பதில் 2025 ஜூலையில் மாநிலங்களவையில் வெளிவந்தது. வயதான பெற்றோரைக் கவனிக்க ஊழியர்களுக்குத் தனி விடுப்பு உண்டா என்ற கேள்விக்குப் பணியாளர் நலத் துறை இணை அமைச்சர் ஜிதேந்திர சிங் எழுத்துமூலம் பதில் அளித்தார். ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரை ஊதிய விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு ஆகியவற்றை, பெற்றோரைக் கவனிப்பது உள்ளிட்ட எந்தச் சொந்தக் காரணத்துக்காகவும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே பதில். எல்லா ஊழியருக்கும் ஏற்கெனவே உள்ள விடுப்புகள்தாம் இவை.

குழந்தை வளர்ப்புக்கு நிலைமை வேறு. 2008 முதல் மத்திய அரசுப் பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என 2017-ல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. குழந்தையைப் பகலில் ஒப்படைக்க ஓர் இடம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட அரசு, முதியவருக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்பதை இன்னும் ஏற்கவில்லை. மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில், ஊழியரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கு மருத்துவமும் மருந்தும் கிடைக்கின்றன. அந்த மாத்திரையைப் பகல் ஒரு மணிக்கு எடுத்துக் கொடுக்கும் கை கிடைப்பதில்லை.

கணக்கில் வராத உழைப்பு

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.38 கோடி பேர். 2036-ல் இது ஏறக்குறைய 23 கோடியை எட்டும் என்பது மத்திய அரசு அமைத்த மக்கள்தொகை வல்லுநர் குழுவின் கணிப்பு. 2021-க்கான மதிப்பீட்டில் கேரளத்தில் 16.5 சதவீதமும் தமிழகத்தில் 13.6 சதவீதமும் முதியோர். 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இவர்களைக் கவனிப்பது யார்? 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டில் உள்ளோரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடுகின்றனர். ஆண்களில் இது 21.4 சதவீதம். பெண்கள் நாளொன்றுக்குச் சுமார் 140 நிமிடங்களையும், ஆண்கள் 74 நிமிடங்களையும் இதற்குச் செலவிடுகின்றனர். குழந்தை வளர்ப்பும் சேர்ந்த கணக்கு இது. சமையலும் துணி துவைப்பதும் இதில் அடங்கா.

மறதி நோய் கண்டவரைக் கவனிப்பது தனி வகை உழைப்பு. இரவில் தூக்கம் இராது. ஒரே கேள்வி நாற்பது முறை வரும். கதவு திறந்திருந்தால் வெளியேறிவிடுவார். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போக முடியாது. இந்தச் சுமையில் வேலையை விடுவது பெரும்பாலும் மருமகளோ மகளோதான். பகல் மையம் முதியவருக்கு எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் அவளுக்கும். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் அவள் விடுபட்டால்தான் அக்குடும்பம் அந்த முதியவரை இன்னும் பல ஆண்டுகள் தன்னோடு வைத்துக்கொள்ள இயலும். முதியோர் இல்லத்துக்குச் செல்லும் நாளைத் தள்ளிப்போடுவது இந்த ஏற்பாடே.

தமிழில் பேச ஓர் இடம்

மும்பைக்கு முதியோர் நலப் பணி புதிதல்ல. 1995-ல் ஷீலு ஸ்ரீநிவாசன் தொடங்கிய டிக்னிட்டி ஃபவுண்டேஷன், மறதி நோயாளிகளுக்கான பகல் மையங்களை மும்பையிலும் சென்னையிலும் நடத்திப் பழகிய அமைப்பு. தாணே, நவி மும்பை மாநகராட்சிகள் "விரங்குளா கேந்திரம்" என்ற பெயரில் முதியோர் பொழுதுபோக்கு மையங்களை அமைத்துள்ளன. நடமாட்டம் உள்ள முதியோர் கூடிப் பேச, நாளிதழ் படிக்க இவை பயன்படுகின்றன. ஆனால் கைத்தாங்கலாக அழைத்துச் செல்ல வேண்டியவருக்கும், கழிப்பறைக்குத் துணை தேவைப்படுபவருக்கும் இவை போதா.

ஆண்டாப் ஹில் தமிழருக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. அது மொழி. நாற்பது ஆண்டு மும்பையில் வாழ்ந்து இந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசியவர்கூட, மறதி நோய் முற்றும்போது பின்னாளில் கற்ற மொழிகளை முதலில் இழந்து, தாய்மொழிக்குத் திரும்பிவிடுவது உண்டு. "தண்ணி வேணும்" என்பதைப் புரிந்துகொள்ள ஆள் இல்லாத மையத்தில் அவர் ஊமையாகிவிடுவார். ஊரிலிருந்து அறுபத்தைந்து வயதில் வந்த தாய்க்கோ முதலிலிருந்தே வேறு மொழி தெரியாது. ஆகவே இப்பகுதியில் அமையும் மையத்தில் தமிழ் அறிந்த பணியாளர் இருப்பது சலுகை ஆகாது, மருத்துவத் தேவை.

அதற்கான சமூக வலு இங்கே இல்லாமல் இல்லை. 1932-ல் மாட்டுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952-ல் உருவான சண்முகானந்த சபை, சயானில் உள்ள பம்பாய்த் தமிழ்ச் சங்கம் என இக்குடியேற்றத்தின் முதல் தலைமுறை பள்ளியும் சபாவும் சங்கமும் கண்டது. அத்தலைமுறையின் பிள்ளைகளே இன்று மூப்படைந்து நிற்கின்றனர்.

மற்ற இடங்களில்

கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகள் "பகல் வீடு" என்ற பெயரில் முதியோர் மையங்களை நடத்துகின்றன. மாநிலச் சமூக நீதித் துறை அவற்றுள் சிலவற்றை "சாயம்பிரபா இல்லம்" என்று தரம் உயர்த்தியது. 1992-ல் கேரளத்தில் பிறந்த இந்திய அல்சைமர் சங்கத்தின் அனுபவமும் அம்மாநிலத்துக்குக் கைகொடுத்தது. தமிழகத்தில், வேலைக்குச் செல்லும் குடும்பங்களின் முதியோர் பகல் பொழுதைக் கழிப்பதற்காக 25 "அன்புச்சோலை" மையங்கள் 2025 நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டன. இலங்கையில் 2000-ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழி அமைந்த தேசியச் செயலகம், முதியோர் சங்கங்கள் மூலம் பகல் மையங்களை ஊக்குவிக்கிறது.

ஜப்பான் 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. காலையில் வாகனம் வீட்டுக்கு வந்து முதியவரை அழைத்துச் சென்று, குளிப்பாட்டி, உணவளித்து, உடற்பயிற்சி செய்வித்து மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடும் சேவை அதில் அடக்கம். பொதுவாகப் பயனாளி செலுத்துவது செலவில் பத்தில் ஒரு பங்கு. வருவாய் மிகுந்தோருக்குக் கூடுதல். அந்த நாட்டின் வருவாயோடு நம்மை ஒப்பிட முடியாது என்பது சரி. ஆனால் பராமரிப்பை மகன், மருமகளின் குணநலப் பிரச்னையாகக் காணாமல், சாலை, குடிநீர் போலப் பொதுச் சேவையாகக் கண்டது அங்கே நிகழ்ந்த மாற்றம். அதற்குப் பணம் மட்டும் போதாது, அரசியல் முடிவும் தேவைப்பட்டது.

இடமும் பணமும்

மும்பையில் எந்தப் பொதுப்பணிக்கும் முதல் தடை இடம். வாடகை கொடுத்து நடத்தினால் மையத்தின் செலவில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். ஆனால் ஆண்டாப் ஹில்லில் நிலத்தின் கணிசமான பகுதி மத்திய அரசிடமே உள்ளது. குடியிருப்பின் தரைத்தளத்தில் இரண்டு வீடுகளை ஒதுக்கினாலே முப்பது பேருக்கான மையத்தைத் தொடங்கிவிடலாம். மறுவாழ்வுத் திட்டக் கட்டடங்களில் பால்வாடிக்கும் நல்வாழ்வுக் கூடத்துக்கும் இடம் விட வேண்டும் என்பது விதி. அந்தக் கூடத்தைப் பகலில் முதியோருக்குத் திறந்துவிடலாம். சயானில் உள்ள லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை அருகிலேயே இருப்பதால், மருத்துவர் வாரம் ஒருமுறை வந்து செல்வதும் இயலாத காரியம் அல்ல.

பணத்துக்கும் வழி உண்டு. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, பெருநிறுவனங்கள் தம் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடத்தக்க பணிகளுள் முதியோர் இல்லங்களோடு "பகல் பராமரிப்பு மையங்களையும்" பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முதியோர் நலச் சட்டம் சொல்லாததை நிறுவனச் சட்டம் சொல்கிறது. நாட்டின் பெருநிறுவனத் தலைமையகங்கள் பல மும்பையிலேயே இருக்கும்போது, இவ்வழி திறந்தே கிடக்கிறது.

மக்களவை உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். மும்பை தென் மத்தியத் தொகுதியின் உறுப்பினராக 2024-ல் தேர்வான அனில் தேசாயின் எல்லைக்குள்தான் ஆண்டாப் ஹில், தாராவி, செம்பூர் மூன்றும் வருகின்றன. ஆனால் இந்நிதி நிலையான சொத்துகளை உருவாக்குவதற்கானது. கூடம் கட்டலாம், கைப்பிடி வைத்த கழிப்பறை அமைக்கலாம். ஆயாவுக்கும் ஓட்டுநருக்கும் சமையற்காரருக்கும் மாதந்தோறும் ஊதியம் தர இதில் இடமில்லை. பகல் மையத்தின் உயிரோ அந்த மனிதர்களிடம்தான் இருக்கிறது. திறப்பு விழாக் கல்வெட்டோடு பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்களின் கதை இங்கும் தொடராமல் இருக்க, தொடர் செலவுக்கு மாநகராட்சி நிதிநிலை அறிக்கையிலும் மத்திய திட்டத்திலும் தனித் தலைப்பு வேண்டும். 2022 மார்ச்சுக்குப் பிறகு பல ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இன்றி நிர்வாகியின் கீழ் இயங்கிய மாநகராட்சியில், இத்தகைய கோரிக்கையை எழுப்பக்கூட வட்டத்துக்கு ஒரு குரல் இல்லாமல் போயிற்று.

அடுத்த மசோதாவில்

காலாவதியான மசோதாவை உயிர்ப்பிக்க முடியாது. புதிதாகவே கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவரும்போது, பதிவும் தர அளவும் மட்டும் போதாது. குறிப்பிட்ட மக்கள்தொகைக்கு ஒரு பகல் மையம் என்ற அளவுகோல், பராமரிப்பாளருக்கு விடுப்பு, வட்டார மொழியறிந்த பணியாளர், ஆண்டுதோறும் தொடர் நிதி ஆகிய நான்கும் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். 2007 சட்டம் மாவட்டத்துக்கு ஓர் இல்லம் என எண் குறித்தது. பகல் மையத்துக்கு அந்த எண் இல்லாவிட்டால், அதுவும் கருணை உள்ளவர் கருணை காட்டும் விஷயமாகவே நின்றுவிடும்.

மாற்று வழி ஒன்றைக் குடும்பங்கள் தாமே கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. மும்பையில் உள்ள மகனிடம் ஆறு மாதம், ஊரில் உள்ள மகளிடம் ஆறு மாதம். தாதரிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் ரயிலில் ஆண்டுக்கு இருமுறை இப்படி இடம் மாறும் முதியோருக்கு, 2020 மார்ச் வரை பெண்களுக்கு 50 சதவீதமும் ஆண்களுக்கு 40 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. கரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட அந்தச் சலுகையை மீண்டும் வழங்குமாறு இரு அவைகளிலும் கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் பலமுறை கேட்டுவிட்டனர்.

அந்தக் குரல் ஒலித்த அவைகளில் பகல் மையத்துக்காகவும் ஒரு குரல் எழ வேண்டும். முதியோர் வாக்களிக்கத் தவறுவதில்லை. 85 வயதைக் கடந்தவர் வீட்டிலிருந்தே வாக்களிக்க, 2024 மக்களவைத் தேர்தலில் அதிகாரிகள் வாக்குப்பெட்டியோடு படியேறிச் சென்றனர். ஒரு நாள் வாக்குக்காக ஏற முடிந்த அந்தப் படிகளில், மற்ற நாள்களின் பராமரிப்பும் ஏறிச் செல்ல வேண்டும்.